தரையில் படாத கிரீடம்

அன்று யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு, தலையணையில் சாய்ந்து, சாகக் கிடக்கும் ராஜாவாக ஜோஷி சார். அவருக்கு முன்னால் பிஷப் வேஷத்தில் ஒருவர், பட்டுத் துணியில் முள்கிரீடம் ஏந்தியபடி. சுவரோரம் வைத்தியர். கதவருகே ஈட்டி பிடித்த இரண்டு சிப்பாய்கள், அதில் ஒருவருக்குச் சளி, உறிஞ்சிக்கொண்டே நின்றார். பக்கத் திரைக்குப் பின்னால் டைரக்டர் வசந்தா மேடம். சபையில் மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலியில் என் முதலாளி மீரான் பாய். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி என் மனைவி எஸ்தர். அப்புறம் நான். மடாதிபதி அங்கி போட்டு, இரண்டு கையிலும் பிரான்ஸ் தேசத்து ராஜாவின் கிரீடத்தோடு, நட்ட நடு மேடையில் கால் எழும்பாமல் நின்றேன்.

பம்பாய் மாட்டுங்காவில் ஒரு நாடக அரங்கம். நாடகத்தின் முதல் ஷோ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அரங்கம் நிறைந்திருந்தது.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் நாடக டிரஸ் தொழிலில் இப்போதெல்லாம் கிரீடத்தை மெஷினே செய்து தருகிறது. பிளாஸ்டிக். சாக்கில் போட்டுக் கட்டி டெம்போவில் எறிகிறார்கள். அந்த வேலையில் இருக்கும் இளையவர்கள் சிலர் போன மாதம் சான்பாடாவில் என் மகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "அண்ணே, நீங்க கிரீடத்தைக் கைக்குழந்தை மாதிரி தூக்குவீங்களாமே, ஏன்?" என்று கேட்டார்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சொன்ன பிறகு இரண்டு நாள் தூக்கம் இல்லை.

என் சுபாவமே அப்படி. வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்டேஷன் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிற ஆள். எஸ்தர் இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துவிட்டாள்.

தாராவியில் மீரான் பாயின் கடைக்கு என்னை என் மாமா கொண்டுவந்து விட்டார். பாயின் வாப்பா காலத்தில் அது தோல் பட்டறை. பாய்தான் அதை நாடகத்துக்கும் சினிமாவுக்கும் வாடகைக்கு டிரஸ் கொடுக்கும் கடையாக மாற்றினார். தோலில் கவசம் வெட்டி வெள்ளி பெயின்ட் அடித்தால் பத்தடி தூரத்தில் இரும்பு தோற்கும். நான் பொத்தான் தைத்தேன், செருப்புக்கு வார் மாற்றினேன், வியர்வை நாறும் அங்கிகளை வெயிலில் காயப் போட்டேன். ஊசி வேலை எனக்குக் கடைசி வரை ஒழுங்காக வரவில்லை. கை நடுங்கும். ஆனால் ஒரு பொருளைக் கொடுத்தால் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவேன். அதைப் பார்த்துத்தான் பாய் என்னைக் கிரீடங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போட்டார்.

"பேரு என்னவோ சாலமோன், சுலைமான் ராசா பேரு. நெஞ்சு கோழி நெஞ்சு. ஒன்ன மாதிரி பயந்த பயதாம்ல கிரீடத்துக்குச் சரி. தைரியசாலிகிட்ட கொடுத்தா தலையில வச்சிப் பாப்பான்" என்றார்.

பாயிடம் கிரீடத்துக்கென்று ஒரு முறை இருந்தது. ராஜாவுக்கு டிரஸ் போடுவது காலில் தொடங்கும், கிரீடத்தில் முடியும். மேடைக்குப் போக மணி அடித்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். இரண்டு கையாலும் எடுக்க வேண்டும், உள்ளே வைத்த கம்பளித் துணி தலைக்குச் சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், கண்ணில் ஒற்றிக் கொடுக்க வேண்டும். கவிழ்த்து வைக்கக் கூடாது. ரயிலில் போனால் மடியில், கூட்டமாக இருந்தால் தலைக்கு மேல். கிரீடம் ஒத்திகைக்கு வராது, காட்சிக்கு மட்டும்தான் வரும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கிரீடம் இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. இறக்கினவன் ஐநூற்றி ஒரு ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். அதோடு அவன் கை மறுபடி கிரீடத்தைத் தொடாது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஒரு தடவை பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து அவர் செருப்புப் பக்கம். வேலையை விட்டுப் போகும் வரைக்கும் செருப்புப் பக்கம்தான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஏல, தகரத்த ராசாவாக்குறது எது? பெயின்டா? நாம அதத் தூக்குற தூக்குதாம்ல" என்றார்.

பாயைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பம்பாயில் மதக் கலவரம் நடந்தபோது எங்கள் சந்துக்கு இரண்டு பக்கமும் நெருப்பு. கடையில் இருந்த நாடகக் கத்திகளையும் ஈட்டிகளையும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். பாயின் சொந்தக்காரர்களும் வந்தார்கள், வேறு ஆட்களும் வந்தார்கள். பாய் யாருக்கும் கொடுக்கவில்லை. "எல்லாம் தகரம். போங்கவே" என்று ஷட்டரை இறக்கிவிட்டார். உள்ளே நாங்கள் எல்லா சாமி கும்பிடுகிறவர்களும் கலந்து இருந்தோம். வெளியே இரும்பில் தட்டித் தட்டி, பொட்டப் பயல் என்று கத்தினார்கள். பாய் அசையவில்லை. அரிசியும் பருப்பும் தீரும் வரைக்கும் உள்ளேயே இருந்தோம். திறந்தபோது கடையின் பெயர்ப் பலகை கரிந்து போயிருந்தது. ஆள் ஒருவர்கூடக் குறையவில்லை. அப்போது எனக்கு அதில் பெருமை தெரியவில்லை. பயந்து கிடந்தோம் என்றுதான் நினைத்தேன்.

ரொம்ப வருஷம் கழித்து வசந்தா மேடம் கடைக்கு வந்தார். மாட்டுங்காவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். ஹிந்தியில் நாடகம் போடுகிறவர். ஐந்தாம் சார்ல் என்ற பிரான்ஸ் ராஜாவைப் பற்றி எழுதியிருந்தார். அறுநூறு வருஷத்துக்கும் முந்தின ஆள். அளவு எடுக்கும்போது, "வலது கைச் சட்டை மட்டும் லூசா வேணும், சாலமோன். அவருக்கு வலது கை வீங்கியிருக்கும். கனமா எதையும் தூக்க முடியாது. வாளே பிடிக்க முடியாது" என்றார்.

"வாள் பிடிக்காம ராஜாவா எப்படி மேடம்?"

"அதான் கதையே. உக்காருங்கோ, சொல்றேன்."

அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தபடி சொன்னார். இங்கிலீஷ்காரனோடு சண்டை. அப்பா ராஜா சண்டையில் பிடிபட்டு லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார். மகனுக்கு வயது பதினெட்டு. அவனும் அந்தக் களத்தில் இருந்தான். பாதியில் அவனை அழைத்துப் போய்விட்டார்கள், அதனால் ஓடிவந்தவன் என்று பேர். அப்பாவை மீட்க முப்பது லட்சம் பொற்காசு கேட்டார்கள். ஊரில் காசு இல்லை, பயிர் இல்லை, சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் கொள்ளையடித்துக்கொண்டு திரிந்தார்கள். பாரிஸ் நகரத்து வியாபாரிகள் அரண்மனைக்குள் புகுந்து, அவன் கண் முன்னாலேயே அவனுடைய இரண்டு தளபதிகளை வெட்டிப் போட்டார்கள். ரத்தம் அவன் அங்கியில் தெறித்தது. அப்புறம் அவர்களின் தலைவன், பயப்படாதே என்று சொல்லி, தன் சிவப்பும் நீலமுமான குல்லாவைக் கழற்றி இளவரசன் தலையில் வைத்தான்.

அந்தக் குல்லாவையும் நாங்கள்தான் தைத்தோம். கிரீடம் ஏற வேண்டிய தலையில் தன்னைக் கொல்ல வந்தவனின் குல்லா. அந்தப் பையன் அதைத் தட்டிவிடவில்லை. போட்டுக்கொண்டு உயிரோடு இருந்தான்.

ராஜாவான பிறகு அவர் செய்ததுதான் என்னைக் கட்டிப் போட்டது. களத்துக்கே போகவில்லை. மூஞ்சி சப்பையான, பெரிய வம்சமில்லாத ஒரு ஆளைப் பார்த்துப் பொறுக்கித் தளபதியாக வைத்தார். இங்கிலீஷ்காரன் படையோடு நாட்டுக்குள் நடந்து வந்தால், எதிரே போய் மோத வேண்டாம், கோட்டைக் கதவை மூடிக்கொள்ளுங்கள், அவன் நடந்து நடந்து பசியில் போகட்டும் என்றார். வெளியே ஊர்கள் எரிந்தன. பிரபுக்கள் பல்லைக் கடித்தார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை. வந்த படை குதிரையைத் தின்று, மெலிந்து, திரும்பிப் போனது. அப்பா ஒரே நாளில் தோற்றதை மகன் கொஞ்சம் கொஞ்சமாக, ஊர் ஊராகத் திருப்பி எடுத்தார். நடுவில் அரண்மனைக் கோபுரத்தில் புத்தகம் சேர்த்தார்.

"இடது கையில ஒரு புண்ணு வேற. எப்பவும் கசிஞ்சுண்டே இருக்கும். அது என்னிக்குக் காயறதோ அதுக்கப்புறம் ரெண்டு வாரம்கூட இருக்க மாட்டேள்னு வைத்தியர் சொல்லி வெச்சிருந்தார்" என்றார் மேடம்.

காலையில் எழுந்ததும் கட்டை அவிழ்த்துப் பார்த்திருப்பாரே. ஈரம் இருந்தால் இன்றைக்கு உண்டு. நானாக இருந்தால் அதைப் பார்த்துப் பார்த்தே செத்திருப்பேன். அவர் பார்த்துவிட்டு, கட்டைப் போட்டுக்கொண்டு, ராஜ்யம் நடத்தப் போயிருக்கிறார். பயம் இருக்கிறவன் ஒன்றுக்கும் ஆக மாட்டான் என்று எனக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அன்று அந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், அது பொய்யோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அந்தக் கிரீடத்தைப் பாய் தன் கையால் செய்தார். வயதாகி அவர் பட்டறையில் உட்காருவதையே விட்டிருந்த சமயம் அது. பித்தளைத் தகட்டில் லில்லிப் பூ வெட்டி, ஒவ்வொரு முனையையும் அரத்தால் ராவி, தங்க முலாம் பூசி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முடிந்த அன்று ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இதுக்கு மேல என்னால ஆகாதுல. இதாம் கடைசி" என்று என் கையில் கொடுத்தார்.

நாடகத்தின் முடிவை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரியும். சாகும் நாளில் ராஜா இரண்டு கிரீடங்களைக் கொண்டுவரச் சொல்கிறார். ஏசுவின் முள்கிரீடத்தைக் கண்ணுக்கு நேரே. தன்னுடைய பொன் கிரீடத்தைத் தன் காலுக்குக் கீழே. இது மேடத்தின் கற்பனை இல்லை, அப்படித்தான் நடந்தது என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம்.

இதில் நான் எப்படி மேடை ஏறினேன் என்றால், கிரீடம் கொண்டுவரும் மடாதிபதியாக நடித்தவர் ஒத்திகையில் அதை டிபன் டப்பா மாதிரி தூக்கினார். ஒத்திகைக்குக் கிரீடம் வராது என்பதால், துண்டைச் சும்மாடு போலச் சுருட்டிக் கொடுத்திருந்தோம். எப்படித் தூக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டப் போனேன். மேடம் எழுந்து நின்றுவிட்டார்.

"சாலமோன், நீங்களே பண்ணுங்கோ. வசனம் ஒண்ணும் கிடையாது. நடந்து வரணும், வெக்கணும், அவ்வளவுதான்."

"மேடம், எனக்குக் கையெல்லாம் நடுங்கும்."

"நடுங்கட்டும். ராஜா சாகப் போறார். நடுங்காதவன்தான் தப்பு."

பாயிடம் சொன்னபோது அவர் முகம் பூத்துவிட்டது. "நம்ம ஆளு மேடையில! மொத வரிசையில உக்காந்தா கழுத்து வலிக்கும், மூணாவதுல போடச் சொல்லு." அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, காலுக்குக் கீழே என்று எப்படிச் சொல்வது? ராஜாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் மொதலாளி என்றேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே.

ஒத்திகையில் சுலபமாக இருந்தது. துண்டுதானே. கீழே வைத்தேன், ஜோஷி சார் கால் வைத்தார், விளக்கு அணைந்தது.

வீட்டில் எஸ்தரிடம் மட்டும் சொன்னேன், அவள் பிடித்துக்கொண்டாள். "அவுக கையால செஞ்ச கிரீடத்த அவுக கண்ணு முன்னால கால்ல போடப் போறீய. நாளைக்கு ஒங்களச் செருப்புப் பக்கம் போடுவாவ. ஊசியும் வராது. அப்புறம் என்ன செய்வீய?"

"போட மாட்டேம்னா நாடகம் கெட்டுப் போவுமே. மேடம் ரெண்டு வருசம் கஷ்டப்பட்டு எழுதுனது."

"அப்பம்னா போடுங்க."

"மொதலாளி?"

"அப்பம்னா போடாதீங்க!" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நடு மேடையில் எனக்குக் கால் எழும்பவில்லை. கையில் இருந்தது துண்டு இல்லை. கனமான, குளிர்ந்த பித்தளை. விளக்கு பட்டதும் அது என் அங்கியிலெல்லாம் மஞ்சளாகத் தெறித்தது. சபையில் யாரோ பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது. மூன்றாவது வரிசையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். பாய் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தன் கிரீடத்தை முதல் தடவையாக மேடை வெளிச்சத்தில் பார்க்கிறார்.

எப்படியோ நடந்தேன். கட்டிலுக்கு முன்னால் வந்து, பழக்கத்தில் கிரீடத்தைக் கண்ணில் ஒற்றினேன். அது நாடகத்தில் இல்லை. அப்படியே நின்றேன். குனிய வரவில்லை.

ஜோஷி சார் உதட்டை அசைக்காமல், "நீச்சே, சாலமோன்" என்றார். கீழே வை என்று.

பிஷப் என்னைப் பார்த்தார். சளிக்கார சிப்பாய்கூட உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார். பக்கத் திரையில் மேடத்தின் கை மட்டும் தெரிந்தது, திரைச் சீலையை இறுக்கிப் பிடித்திருந்தது. அரங்கம் முழுவதும் நான் என்ன செய்யப் போகிறேன் என்று காத்திருந்தது.

நான் யோசித்துச் செய்யவில்லை. முழங்கால் தானாக மடிந்தது. மண்டியிட்டேன். கையைக் கீழே இறக்கினேன், இடுப்புக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே. புறங்கை இரண்டும் மேடைப் பலகையில் பட்டன. அங்கே நின்றுவிட்டேன். கிரீடத்தைக் கையிலிருந்து விடவில்லை. விரித்த உள்ளங்கையில் அது அப்படியே இருந்தது. பலகையில் என் கைதான் கிடந்தது, கிரீடம் இல்லை.

ஜோஷி சார் ஒரு கணம் பார்த்தார். புரிந்துகொண்டார். மெல்லத் தன் பாதங்களை இறக்கி வைத்தார்.

துண்டில் ஒத்திகை பார்த்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. பாய் என்னதான் ராவியிருந்தாலும் லில்லிப் பூவின் முனை முனைதான். மேலே அது அவர் உள்ளங்காலில் குத்தியது. கீழே விளிம்பு என் உள்ளங்கையை வெட்டியது. அவர் முகம் மாறியது. நடிப்பில்லை. அந்த வலியோடு குனிந்து கிரீடத்தைப் பார்த்துத் தன் வசனத்தைச் சொன்னார். தலையில் இருந்தபோது எல்லோரும் உன்னைக் கும்பிட்டார்கள், உன் கனம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற மாதிரி வரும். ஒத்திகையில் அதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அன்றுதான் கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு ஜோஷி சார் தெரியவில்லை. வீங்கிய கைச் சட்டையும், கட்டுப் போட்ட இடது கையும், களைத்த முகமுமாக, வாழ்நாள் முழுவதும் பயந்துகொண்டே ஒரு தேசத்தைக் காப்பாற்றிய மனுஷன் தெரிந்தார். அவருடைய கால் என் கையில் இருந்தது. அறுநூறு வருஷத்தைத் தாண்டி, தாராவியிலிருந்து வந்தவனின் கையில். அந்தக் கடைசி நாளில் அவர், வீட்டுக்கு வீடு அடுப்புக் கணக்கில் வாங்கிய வரியை நிறுத்தச் சொன்னார். அந்த வசனம் வந்தபோது சபையில் ஒருவர்கூட இருமவில்லை. கையின் நடுக்கம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

விளக்கு அணைந்தது. கைதட்டல் வர ரொம்ப நேரமானது.

உள்ளே வந்து கிரீடத்தைப் பெட்டியில் வைக்கப் பயந்து கையிலேயே வைத்திருந்தேன். இனி இது என் பெட்டி இல்லையே. பாய் படியேறி வந்தார். ஊன்றி வந்த கம்பைச் சுவரில் சாய்த்தார். கிரீடத்தை வாங்கி முனைகளைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார். அப்புறம் என் கையைத் திருப்பிப் பார்த்தார். ரத்தம் கசிந்திருந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தார்.

"தரையில பட்டுச்சால?"

"படல மொதலாளி."

"கால் பட்டுச்சு."

"பட்டுச்சு மொதலாளி."

"இடுப்புக்குக் கீழ போச்சுல்லா?"

"போச்சு."

"எனக்கு ஏம்ல முன்னமே சொல்லல?"

"பயமா இருந்துச்சு மொதலாளி."

அவர் கிரீடத்தின் முனையை விரலால் தடவினார். "அந்த வருசம் ஷட்டர எறக்கிட்டுக் கெடந்தோமே. வெளிய என்னப் பொட்டப் பயன்னு கத்துனானுவ. இன்னைக்கு வரைக்கும் அது உள்ள கெடந்து அறுத்துச்சுல, சாலமோன்" என்றார். "இந்த மனுசனும் கதவ மூடிக்கிட்டுத்தான இருந்திருக்காம். ராசா."

மேடம் ஓடிவந்தார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வியாபாரியாகிவிட்டார்.

"ஏம்மா, அப்பன மீட்க முப்பது லட்சம் பொன்னுன்னு சொன்னானுவளே. கட்டி முடிச்சாரா?"

"இல்லை பாய். மறுபடி சண்டை வந்துடுத்து. பாதிக்குக் கிட்ட அப்படியே நின்னு போச்சு."

"அப்பம் கடனோடதாம் போயிருக்காரு. நல்ல மனுசன்" என்றார் பாய். பிறகு கிரீடத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "என்னல பாக்குத? பெட்டியில வை. அபராதம் ஐநூத்தியொண்ணு. மறந்துராத."

மறுநாளும் கிரீடப் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருந்தது. வேலையை விட்டு நிற்கும் வரைக்கும் இருந்தது. அபராதத்தை அந்த வாரமே கொண்டுபோனேன். கை வலிக்குது, அப்புறம் வாங்குதேன் என்றார். தீபாவளிக்குக் கொண்டுபோனேன், பெருநாளைக்குக் கொண்டா என்றார். ஓய்வு பெற்ற அன்று கவரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இத வாங்கிட்டா நீ எதுக்குல இங்க வரப் போற? அடுத்த மாசம் கொண்டா."

இப்போதும் மாதம் ஒரு தடவை சான்பாடாவிலிருந்து ஹார்பர் லைனில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி, தாராவிக்கு நடக்கிறேன். கவர் சட்டைப் பையில் இருக்கிறதா என்று வழியில் நாலு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பாய்க்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. காலடிச் சத்தத்தை வைத்தே, "கொண்டாந்தியால?" என்று கேட்கிறார். கொண்டாந்தேன் மொதலாளி என்கிறேன். டீ வருகிறது. குடிக்கிறோம். கவரை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன்.

பாக்கி, ஐநூற்றி ஒரு ரூபாய்.